நாலு பார், ஏழு விநாடி

2004 செப்டம்பரில் ஒலிப்பதிவு படிக்க லண்டன் போனேன். ஈஸ்ட் ஹாமில் ஒரு மளிகைக்கடைக்கு மேல்மாடியில் அறை. என்னோடு இருந்தவர் யாழ்ப்பாணத்துக்காரர், என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். இரவில் மினிகேப் ஓட்டுவார், பகலில் தூங்குவார். நான் வகுப்புக்குக் கிளம்பும் நேரத்தில்தான் வந்து படுப்பார். ரெண்டு பேரும் விழித்திருந்து பேசிக்கொள்வது சனிக்கிழமை சாயங்காலம் மட்டும்தான்.

அப்படி ஒரு சனிக்கிழமை. அடுப்பில் பருப்பு வெந்துகொண்டிருந்தது. ஜன்னலோரம் கிடந்த பழைய ரேடியோவில் ஸ்டேஷன் திருகிக்கொண்டிருந்தேன். இரண்டு பெரிய நிலையங்களுக்கு நடுவே, வெறும் இரைச்சல் மட்டுமே இருக்கவேண்டிய இடத்தில், டிரம் கொட்டியது. தாளம் என்று உடனே சொல்லத் தோன்றவில்லை. அவ்வளவு வேகம், அவ்வளவு முடிச்சு. அதற்கு அடியில் பேஸ், அந்தக் கனத்த அடிநாதம், அவசரமே இல்லாமல் நகர்ந்துகொண்டிருந்தது. மேலே ஒருத்தர் மூச்சு விடாமல் பேசிக்கொண்டே போனார். ஒரு மொபைல் நம்பரைச் சொல்லி, பாட்டுப் பிடித்திருந்தால் மிஸ்டு கால் கொடுங்கள் என்றார். கொஞ்ச நேரத்தில் கிர்ரென்று இசைத்தட்டைப் பின்னால் இழுக்கும் சத்தம். அதே பாட்டு முதலிலிருந்து ஆரம்பித்தது.

குளித்துவிட்டுத் துண்டோடு வந்த அண்ணா வாசலிலேயே நின்றுவிட்டார்.

"உது இன்னும் போகுதே?"

என்ன அண்ணா இது என்று கேட்டேன்.

"ஜங்கிள். தொண்ணூற்றி நாலில நான் கார் ஓடத் தொடங்கின நேரம், சனி இரவு ஏத்துற பெடியள் எல்லாம் உதைத்தான் போடச் சொல்லுவாங்கள். கார்க் கதவெல்லாம் அதிரும் தம்பி."

அன்றைக்குப் பருப்பு அடிப்பிடித்தது. ஜங்கிள் எனக்குள் வந்தது அப்படித்தான். இருபது வருஷம் ஆகிவிட்டது, இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இன்று சென்னையில் ஒலித்தொகுப்பு வேலை பார்க்கிறேன். சத்தத்தை வெட்டுவதும் ஒட்டுவதும்தான் என் தொழில். அந்தத் தொழிலில் நான் மதிக்கிற பெரிய ஆசான்கள், 1990களின் தொடக்கத்தில் லண்டனில் படுக்கையறைகளில் உட்கார்ந்து டிரம்மை வெட்டிக்கொண்டிருந்த அந்தப் பிள்ளைகள்தான்.

கச்சேரியில் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் எழுந்து கேன்டீனுக்குப் போகிறவர்களைப் பார்த்துப் பார்த்து வளர்ந்தவன் நான். பாட்டு முடிந்துவிட்டது, இனி வெறும் தாளம்தானே என்று அவர்களுக்கு எண்ணம். ஜங்கிளில் அந்தத் தனிதான் மொத்தக் கச்சேரியும். தாளம் முன்னால் வந்து உட்கார்ந்துகொள்கிறது. குரலும் மெட்டும் அதற்குப் பக்கவாத்தியம்.

அந்தத் தாளத்தில் பெரும்பகுதி ஒரே ஒரு மனிதர் அடித்த ஏழு விநாடியிலிருந்து வந்தது.

1969-இல் வாஷிங்டன் நகரத்து 'தி வின்ஸ்டன்ஸ்' என்ற குழு ஒரு சின்ன இசைத்தட்டு வெளியிட்டது. அதன் முன்பக்கப் பாட்டு பெரிய வெற்றி, கிராமி விருதுகூட வாங்கிக்கொடுத்தது. பின்பக்கத்தை நிரப்ப 'ஆமென், பிரதர்' என்று பாடல் வரி இல்லாத ஓர் இசைத்துண்டு போட்டார்கள். சுமார் ஒன்றரை நிமிடம் ஓடியதும் மற்ற வாத்தியங்கள் எல்லாம் நின்றுவிடும். டிரம்மர் கிரெகரி கோல்மன் மட்டும் நாலு பார், அதாவது நாலு தாளச் சுற்று, வாசிப்பார். அப்புறம் எல்லோரும் திரும்பச் சேர்ந்துகொள்வார்கள். அந்த நாலு பாரைத்தான் உலகம் 'ஆமென் பிரேக்' என்கிறது.

எங்கள் கல்லூரியில் ஒரு ஆசிரியர், பழைய அக்காய் எஸ்950 சாம்ப்ளர் ஒன்றை, சத்தத்தைப் பதிந்து துண்டாக்கித் திரும்ப வாசிக்கும் கருவியை, பொருள் வைக்கும் அறையிலிருந்து எடுத்துவந்து என் முன்னால் வைத்தார். ஜங்கிள் பிடிக்கும் என்று சொன்னாயே, இதில் செய்து பார் என்றார். 1988-இல் வந்த கருவி. நினைவகம் ஒரு மெகாபைட்டுக்கும் குறைவு, விரிவாக்கினாலும் 2.25 மெகாபைட்தான். செய்த வேலையை ஃபிளாப்பியில் சேமிக்கவேண்டும். திரையில் எழுத்தும் எண்ணும் வரும், அலைவடிவம் கிடையாது. இன்றைக்கு எந்த மென்பொருளைத் திறந்தாலும் சத்தத்தைக் கண்ணால் பார்த்து வெட்டுகிறோம். அதில் அந்த வசதி இல்லை. ஒரு அடி எங்கே தொடங்குகிறது என்று காதால் கேட்டு, எண்ணை ஏற்றி இறக்கி, திரும்பக் கேட்டு, திரும்ப ஏற்றி இறக்கவேண்டும்.

அப்படி உட்கார்ந்து ஆமென் பிரேக்கை வெட்டியபோதுதான் கோல்மன் என்ன வாசித்திருக்கிறார் என்றே எனக்குத் தெரிந்தது. முதல் இரண்டு பாரும் ஒரே நடை. மூன்றாவதில் ஸ்னேரில், அதாவது சடசடக்கும் சின்ன டிரம்மில், ஒரு அடியைச் சற்றே தள்ளிப்போடுகிறார். நாலாவதில் முதல் அடியை அடிக்காமல் விட்டுவிடுகிறார். நமக்குக் கால் ஒரு படி தவறியது மாதிரி இருக்கும். பிறகு குறுக்கே ஒரு நடை போய், நாம் எதிர்பார்ப்பதற்கு முன்பே சிம்பல் விழுகிறது. பெரிய அடிகளுக்கு இடையில் ஸ்னேர் மேல் குச்சி லேசாகத் தொட்டுத்தொட்டுப் போகிறது. முழு வேகத்தில் அது தனியாகக் கேட்காது, ஆனால் அதை எடுத்துவிட்டால் தாளம் செத்துப்போகும். ஒவ்வொரு துண்டிலும் அந்தப் பதிவறையின் காற்று கொஞ்சம் ஒட்டியிருக்கிறது.

ஒவ்வொரு துண்டையும் ஒரு கீபோர்டு கட்டையில் ஏற்றிவைத்தால், கோல்மனை வேறு வரிசையில் வாசிக்கவைக்கலாம். ஸ்னேரை மட்டும் விநாடிக்கு இருபது தடவை உருட்டலாம். கடைசி சிம்பலை முதலில் கொண்டுவரலாம். அவர் வாசித்தது நிமிடத்துக்கு சுமார் 137 அடி வேகம். ஜங்கிள் ஓடுவது 160, 170. எந்தக் கையாலும் அந்த வேகத்தில் அப்படி வாசிக்க முடியாது, ஆனால் கேட்கும் ஒவ்வொரு அடியும் ஒரு மனிதக் கை அடித்ததுதான். டிரம் மெஷினில் தட்டிச் செய்யும் தாளத்துக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அதில்தான் இருக்கிறது. அன்று ராத்திரி பதினோரு மணிவரை கல்லூரியிலேயே இருந்தேன். காவலாளி வந்து விளக்கை அணைத்தபோது என்னிடம் எட்டு பார்தான் தேறியிருந்தது. அந்த எட்டு பார் ஃபிளாப்பியில் இன்றும் பத்திரமாக இருக்கிறது.

சரி, லண்டன் பிள்ளைகளுக்கு இது எப்படித் தோன்றியது? 1988-89இல் பிரிட்டனில் ரேவ் அலை, விடிய விடிய நடக்கும் நடன விருந்துகள். சிகாகோவின் ஹவுஸ், டெட்ராய்டின் டெக்னோ, நேர்க்கோடு போட்டது மாதிரி டும் டும் டும் டும். ஹாக்னியிலும் பிரிக்ஸ்டனிலும் இருந்த கறுப்பினப் பிள்ளைகளும் அவர்களோடு சேர்ந்து வளர்ந்த வெள்ளைக்காரப் பிள்ளைகளும் அந்த விருந்துகளுக்குப் போனார்கள். ஆனால் அவர்கள் வீட்டில் கேட்டது வேறு. ஜமைக்காவிலிருந்து வந்த பெற்றோரின் சவுண்ட் சிஸ்டம், அதாவது தெரு விருந்துகளுக்கான ஆள் உயர ஒலிபெருக்கிப் பெட்டிகள், நெஞ்சுக்கூட்டை அதிரவைக்கும் பேஸ். அண்ணன்மார் வைத்திருந்தது அமெரிக்க ஹிப்ஹாப் தட்டுகள், அவற்றில் வெட்டி ஒட்டிய டிரம் பிரேக்குகள். நேர்க்கோட்டு டும் டும் அவர்களுக்குப் போதவில்லை. ஹிப்ஹாப் பிரேக்கை எடுத்து வேகத்தைக் கூட்டி ரேவ் இசைக்கு அடியில் போட்டார்கள். ஹாக்னியில் 'ஷட் அப் அண்ட் டான்ஸ்' குழுவும், வடமேற்கு லண்டனில் 4ஹீரோ குழுவின் 'ரீஇன்ஃபோர்ஸ்டு' லேபிலும் (இசைத்தட்டு நிறுவனமும்) அப்போது செய்ததைக் கேட்டால் பாதை தெளிவாகத் தெரியும். 1991-இல் லெனி டி ஐஸ் வெளியிட்ட 'வீ ஆர் ஐ.இ.' என்ற தட்டில் ஆமென் பிரேக்கும் ஜமைக்காவின் ரெகே இசை பேஸும் ஒன்றாக வருகின்றன. முதல் ஜங்கிள் அதுதான் என்று சொல்பவர்கள் நிறைய. சேரிங் கிராஸ் பக்கம் 'ஹெவன்' கிளப்பில் வியாழன்தோறும் நடந்த 'ரேஜ்' இரவுகளில் ஃபேபியோவும் குரூவ்ரைடரும் இந்தத் தட்டுகளைத் தேடித்தேடிப் போட்டார்கள். வாரத்துக்கு வாரம் வேகம் ஏறியது.

வேகம் ஏறினால் எப்படி ஆடுவது? இந்த இசையின் சூட்சுமம் அங்கேதான் இருப்பதாக நான் நினைக்கிறேன். மேலே டிரம் 160-இல் பறக்கும்போது கீழே பேஸ் 80-இல் போகிறது. ஒரே பாட்டுக்குள் இரண்டு காலம். இளசுகள் டிரம்மோடு ஓடலாம். ரெகேயில் ஊறியவர் பேஸைப் பிடித்துக்கொண்டு தோளை மட்டும் அசைத்து நிற்கலாம். ரெண்டு பேரும் பக்கத்துப் பக்கத்தில்.

சவுண்ட் சிஸ்டம் உலகத்திலிருந்து வந்தது பேஸ் மட்டும் இல்லை. நான் ரேடியோவில் கேட்டேனே, கிர்ரென்று பின்னால் இழுத்து மறுபடி போடுவது, அந்த ரீவைண்டும் ஜமைக்கா வழக்கம்தான். தட்டுக்கு மேலே பேசிக்கொண்டே போகும் எம்சியும் அங்கிருந்து வந்தவர். அவசரத்துக்கு ஒரே ஒரு பிரதியாக வெட்டும் டப்பிளேட் தட்டும் அப்படியே. சனிக்கிழமை இரவு போடவேண்டிய பாட்டு வெள்ளிக்கிழமைதான் முடிந்திருக்கும். தொழிற்சாலைக்கு அனுப்பித் தட்டு அடித்து வாங்க வாரக்கணக்கில் ஆகும். அதனால் டேப்பை எடுத்துக்கொண்டு வடக்கு லண்டனில் 'மியூசிக் ஹவுஸ்' போன்ற இடத்துக்குப் போவார்கள். ரெகேகாரர்களுக்காக இருந்த இடம் அது. அங்கே அலுமினியத் தகட்டின் மேல் அரக்குப் பூசிய தட்டில் நேரடியாக வெட்டித் தருவார்கள். மெல்லிய பூச்சு, சில பத்துத் தடவை ஓட்டினால் முள் அரித்துவிடும். மேல்சத்தம் மங்கி, கரகரப்பு ஏறி, கடைசியில் தட்டு வீண். ஆனால் அந்தச் சில பத்துத் தடவைக்குள் பாட்டு லண்டன் முழுக்கத் தெரிந்துவிடும். வரிசையில் காத்திருக்கும் மற்ற டிஜேக்கள் வெட்டும்போதே கேட்பார்கள். வீட்டுக்குப் போய் அதைவிட ஒருபடி மேலாகச் செய்ய முயல்வார்கள். வாரத்துக்கு வாரம் இசை மாறிக்கொண்டே போனதற்கு அந்த வரிசை ஒரு முக்கியமான காரணம்.

பெரிய வானொலிகள் முதலில் இதைக் கண்டுகொள்ளவில்லை. உரிமம் இல்லாமல் ஒலிபரப்பிய பைரேட் ரேடியோதான் தூக்கிச் சுமந்தது. ஹாக்னியில் 1991-இல் தொடங்கிய 'கூல் எஃப்எம்' அதில் பெரிய பெயர். மாநகராட்சி கட்டிய அடுக்குமாடிக் குடியிருப்பின் மொட்டைமாடியில் இரவோடு இரவாக ஏறி ஆன்டெனா கட்டுவார்கள். ஸ்டுடியோ வேறெங்கோ ஒரு வீட்டில் இருக்கும். அங்கிருந்து மொட்டைமாடிக்குக் கம்பியில்லா இணைப்பு. அதிகாரிகள் வந்து ஒலிபரப்புக் கருவியைப் பிடுங்கிப்போனால் அது மட்டும்தான் போகும், ஆளும் தட்டும் தப்பித்துவிடும். அடுத்த சனிக்கிழமை புதுக் கருவி. ஏழைகள் வாழ்வதற்காகக் கட்டி, பிறகு யாரும் பராமரிக்காமல் விட்ட அந்தக் கட்டடங்களுக்கு உயரம் என்ற ஒன்று இருந்தது. பிள்ளைகள் அதைப் பயன்படுத்திக்கொண்டார்கள். ஹாக்னியில் அந்தக் கட்டடங்களின் அடியில் நின்று அண்ணாந்து பார்த்திருக்கிறேன். இசை வரலாற்றில் அவற்றுக்கு ஒரு கல்வெட்டு வைக்கவேண்டும் என்று மனதாரச் சொல்கிறேன்.

1994 கோடையில் ஜங்கிள் வெளிச்சத்துக்கு வந்தது. எம்-பீட்டும் ஜெனரல் லெவியும் சேர்ந்து செய்த 'இன்கிரெடிபிள்' பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் எட்டாம் இடம்வரை ஏறியது. அதே ஆண்டு நவம்பரில் குற்றவியல் நீதி மற்றும் பொது ஒழுங்குச் சட்டம் வந்தது. 1992-இல் காசல்மார்ட்டன் புல்வெளியில் ஆயிரக்கணக்கானவர்கள் கூடி நாள்கணக்கில் நடத்திய ரேவ்தான் அரசாங்கத்தை உசுப்பிவிட்டது. அந்தச் சட்டத்தின் 63-ஆம் பிரிவில், திரும்பத் திரும்ப வரும் தாள அடிகளைப் பிரதானமாகக் கொண்ட ஒலி என்று இசைக்கு ஒரு விளக்கம் எழுதிவைத்தார்கள். கிளப்புக்குள் ஓடிய ஜங்கிளை அது நேரடியாகத் தொடவில்லை. ஆனாலும் இளைஞர்களின் தாளத்தைக் குறிவைத்து ஒரு நாடாளுமன்றம் சொற்களைத் தேடியது எனக்கு இன்றும் கோபம் தருகிறது. அதுவும், எந்தப் பாரும் முந்தின பாரைப் போல இல்லாதபடி ராத்திரி முழுக்க உட்கார்ந்து வெட்டிக்கொண்டிருந்த காலத்தில்.

கோல்டியைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. வால்சாலில் பிறந்து, காப்பகங்களிலும் வளர்ப்புப் பெற்றோர் வீடுகளிலும் வளர்ந்தவர், சுவரில் கிராஃபிட்டி வரைந்து பெயர் எடுத்தவர். கெமிஸ்ட்ரி, ஸ்டார்ம் என்ற இரண்டு பெண் டிஜேக்கள்தான் அவரை 'ரேஜ்' இரவுகளுக்குக் கூட்டிப்போனார்கள். மூவரும் சேர்ந்து 1994-இல் 'மெட்டல்ஹெட்ஸ்' லேபிலைத் தொடங்கினார்கள். வரலாறு எழுதுகிறவர்கள் பலர் கோல்டியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அந்த இரண்டு பெண்களும் இல்லாவிட்டால் அவருக்கு இந்தக் கதவே திறந்திருக்காது. கெமிஸ்ட்ரி 1999-இல் கார் விபத்தில் இறந்துபோனார்.

1992-இல் கோல்டி செய்த 'டெர்மினேட்டர்' பாட்டில் டிரம்மின் சுருதி ஏறிக்கொண்டே போகும், வேகம் மட்டும் இம்மியும் மாறாது. சாதாரணமாக வேகத்தைக் கூட்டினால் சுருதியும் கூடும், குறைத்தால் குறையும். இரண்டையும் பிரித்துவிட்டால் டிரம்மை ரப்பர் மாதிரி இழுக்கலாம். 1995-இல் 'டைம்லெஸ்' ஆல்பம். அதன் தலைப்புப் பாட்டு 21 நிமிடம். டயான் சார்ல்மேன் குரல் மெதுவாக மிதக்க, கீழே டிரம் உடைந்து உடைந்து சேர்கிறது. ஸ்டீவனேஜில் 'மூவிங் ஷாடோ' லேபிலை நடத்திய ராப் பிளேஃபோர்டு அதன் ஒலிப்பொறியாளர். என் துறைக்காரர் என்பதால் அவர் பெயரை எப்போதும் சேர்த்துச் சொல்வேன்.

அதே 1995-இல் ஹாக்ஸ்டன் சதுக்கத்தில் 'புளூ நோட்' என்ற கிளப்பில் மெட்டல்ஹெட்ஸ் ஞாயிற்றுக்கிழமை இரவுகளைத் தொடங்கியது. அதே கூடத்தில் திங்கட்கிழமை 'அனோகா'. லெய்டன்ஸ்டோனில் பிறந்து, பஞ்சாப் போய்த் தபேலா கற்றுத் திரும்பிய தல்வின் சிங் நடத்தியது. ஞாயிறு கோல்டி, திங்கள் தல்வின் சிங். ஒரே தரை, ஒரே சுவர். ஜங்கிள் வேகத்தில் தபேலா வாசித்தால் என்ன ஆகும் என்பதை அங்கே கேட்டவர்கள் கேட்டார்கள். 1997-இல் அந்த இரவுகளின் தொகுப்பு ஆல்பமாக வந்தது. அண்ணாவோடு ஒரு நாள் பழைய குறுந்தட்டுக் கடையில் அது என் கையில் சிக்கியது. பின்னட்டையைத் திருப்பினால் ஏ.ஆர். ரஹ்மான் பெயர்! 'பம்பாய்' படத்தின் கருப்பொருள் இசை, 'மும்பை தீம் டியூன்' என்ற தலைப்பில். எங்கள் வீட்டில் கேசட் தேயத் தேயக் கேட்டது, ஹாக்ஸ்டன் நடனக்கூடத்துத் தொகுப்பில் உட்கார்ந்திருந்தது. கடைக்காரர் கேட்ட விலையைப் பேசாமல் கொடுத்துவிட்டு வந்தேன். தல்வின் சிங்கின் 'ஓகே' ஆல்பத்துக்கு 1999-இல் பிரிட்டனில் ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்குத் தரும் மெர்குரி பரிசு கிடைத்தது.

அதற்கு இரண்டு ஆண்டு முன்பு, 1997-இல், அதே பரிசை பிரிஸ்டலின் ரோனி சைஸும் ரெப்ரசென்ட் குழுவும் 'நியூ ஃபார்ம்ஸ்' ஆல்பத்துக்கு வாங்கியிருந்தார்கள். ரேடியோஹெட்டும் பிராடிஜியும் போட்டியில் இருந்த வருஷம். அவர்கள் மேடையில் நிஜ டிரம்மர் ஒருவரை வைத்துக்கொண்டார்கள், கிளைவ் டீமர். இயந்திரத்தில் வெட்டி உருவாக்கிய நடைகளை அவர் திரும்பக் கையால் வாசித்தார். முடியாது என்று நான் மேலே சொன்னேனே, அதற்கு மிக அருகில் போன மனிதர் அவர்.

அப்போதே பெயர் 'டிரம் அண்ட் பேஸ்' என்று மாறிவிட்டிருந்தது. சத்தம் கடினமாகி, இருண்டு, தாளம் நேராகிக்கொண்டே போனது. பெண்கள் பக்கத்து அறையில் ஓடிய கராஜ் இசைக்குப் போய்விட்டார்கள் என்று அந்தக் காலத்தவர்கள் சொல்வார்கள். எனக்கும் அந்தக் கட்டம் ஒட்டவில்லை. 2012-இல் டிஜே ஃபிரெஷ்ஷின் டிரம் அண்ட் பேஸ் பாட்டு பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தபோது மகிழ்ச்சியாக இருந்தது, ஆனால் அதில் வெட்டு இல்லை. இப்போது நியா ஆர்கைவ்ஸ் என்ற இளம்பெண் ஆமென் பிரேக்கை மறுபடி உடைத்துப்போட்டு மேலே பாடுகிறார். கறுப்பின இசைக்கான மோபோ விருதுகளில் மின்னணு இசைக்கு இடம் கொடுங்கள் என்று பகிரங்கமாக எழுதிக் கேட்டார். 2022-இல் அந்தப் பிரிவு வந்தது, விருதும் அவருக்கே.

இதை எழுதத் தொடங்கியதும் அண்ணாவுக்கு போன் போட்டேன். மினிகேப்பை விட்டு வருஷங்கள் ஆகிவிட்டன. பேரப்பிள்ளை சத்தம் பின்னால் கேட்டது. தொண்ணூற்றி நாலு ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். ஒருமுறை ஒரு பையன், வீடு வந்த பிறகும் இறங்காமல், பாட்டு முடியும்வரை இன்னொரு சுற்று ஓட்டச் சொல்லி அதற்குத் தனியாகக் காசு கொடுத்தானாம். அதைச் சொல்லிச் சிரித்தார். பிறகு நான் கோல்மன் கதையைச் சொன்னேன். அந்த டிரம் எல்லாம் ஒரே ஆள் 1969-இல் வாசித்தது, ஏழே விநாடி என்று.

"அந்தாளுக்கு ஏதும் குடுத்தவங்களோ?"

இல்லை அண்ணா என்றேன். ஆயிரக்கணக்கான பாட்டுகளில் அவர் கை இருக்கிறது, ஒரு பைசா போகவில்லை. 2006-இல் அட்லாண்டாவில் இருக்க வீடுகூட இல்லாமல் இறந்தார். குழுத் தலைவர் ரிச்சர்டு ஸ்பென்சருக்கே 1996-இல்தான் விஷயம் தெரிந்தது. வழக்குப் போடும் காலம் அதற்குள் கடந்துவிட்டது. 2015-இல் பிரிட்டிஷ் டிஜேக்கள் இருவர் ஊரெல்லாம் கேட்டு 24,000 பவுண்டு திரட்டி ஸ்பென்சரிடம் கொடுத்தார்கள். கோல்மன் இறந்து ஒன்பது வருஷம் ஆகியிருந்தது.

அண்ணா கொஞ்ச நேரம் பேசவில்லை.

"அவர் அடிச்சதை ஒருக்காப் போடும் பாப்பம்."

ஸ்பீக்கர் பக்கத்தில் போனை வைத்துவிட்டு, வேகம் கூட்டாமல், வெட்டாமல், அந்த நாலு பாரை மட்டும் ஓடவிட்டேன்.

"இன்னொருக்கா."